மலை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்

சித்திரைத் திருவிழா நிறைவுற்றுக் கள்ளழகர் தம் மலைக்குத் திரும்பும் நாள்களில் மதுரையில் வெயில் கடுமையாகிவிடும். பள்ளி விடுமுறையும் அக்கினி நட்சத்திரமும் சேர்ந்து வரும் அந்த வாரங்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு காட்சியைத் தவறாமல் காண்கிறோம். மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்தவர் வாசல்வரை செல்வார், திரைச்சீலையைப் பிடித்தபடி திரும்பி நின்று கேட்பார்: "டாக்டர், பிள்ளைகள் கொடைக்கானல் போகலாம் என்கிறார்கள். நானும் கூடப் போகலாமா?"

நெடுங்காலம் இக்கேள்விக்கு எங்களிடம் ஒரே விடைதான் இருந்தது. இதய நோயாளி என்றாலும், மூச்சிரைப்பு உள்ளவர் என்றாலும், "மலையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிடுவோம். அவ்விடையை நாங்கள் மாற்றிக்கொள்ளக் காரணமாக இருந்தவர் ஒரு பெரியவர். அவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்க இயலாது.

எழுபது வயதைக் கடந்தவர் அவர். இளமையில் சிறுமலையிலிருந்து வாழைத்தார்களை லாரியில் ஏற்றி மதுரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். இதயத்தின் பம்பு செய்யும் ஆற்றல் குறைந்து எங்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். ஒருநாள், "சிறுமலையை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டுமா ஐயா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். "சரிங்கய்யா" என்று கும்பிட்டுச் சென்றார். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எட்டு மாதங்கள் கழித்து வீட்டிலேயே உறக்கத்தில் இறந்துபோனார். சில வாரங்களுக்குப் பிறகு தம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வந்த அவர் மகள், பேச்சின் இடையே சொன்னார்: "காலையில் மாடிக்குப் போய் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பார். மலை தெரிகிறதா என்று எங்களையும் கேட்பார்."

அன்று மாலை அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். கடைசி ஆறு மாதங்களில் அவர் எடை கூடவில்லை. காலில் வீக்கம் இல்லை. தட்டையாகப் படுத்து உறங்க முடிந்தது. தெருமுனை வரை நிதானமாக நடந்து வந்தார். மலைமேல் ஏறி நடப்பது அவரால் இயலாது. ஆனால் காரில் சிறுமலை ஊர்வரை சென்று, ஒரு மணிநேரம் அமர்ந்திருந்து, பொழுது சாய்வதற்குள் இறங்கி வருவதற்குத் தடையாக அக்கோப்பில் ஒன்றும் இல்லை. அவர் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். நாங்கள் ஏறக்கூடாது என்று விடை சொல்லியிருந்தோம்.

உயரம் வேறு, ஏற்றம் வேறு

மலைப் பயணம் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் முதலில் அறியவேண்டியது இதைத்தான். எவ்வளவு உயரத்தில் தங்கப்போகிறோம் என்பது ஒரு கேள்வி. அவ்வுயரத்தை எப்படி அடையப்போகிறோம் என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் உடல் கொடுக்கும் விலை வெவ்வேறு.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் சிறுமலை மேட்டுநிலத்தில் இக்குறைவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். உயர்மலை நோய் எனப்படும் தலைவலி, வாந்தி, மூச்சடைப்பு முதலியவை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். ஆகவே நலமாக உள்ளவருக்கு நம் பகுதி மலைகளின் உயரம் ஒரு பொருட்டன்று. நுரையீரலோ இதயமோ ஏற்கெனவே தளர்ந்தவருக்கு மட்டும் கொடைக்கானலின் உயரம் கணக்கில் கொள்ளத்தக்கது. அவருக்குச் சிறுமலையின் உயரம் பெரும்பாலும் தாங்கக்கூடியது.

ஏற்றத்தின் கதை வேறு. பழனி மலை உயரத்தில் சிறியதே. ஆனால் அதன் 693 படிகளை வெறும் வயிற்றில், வெயிலில், கூட்டத்தோடு ஏறும்போது இதயம் படும் பாடு, காரில் கொடைக்கானல் சென்று ஏரிக்கரையில் அமர்ந்திருப்பவரின் இதயம் படும் பாட்டைவிடப் பன்மடங்கு பெரிது. முருகன் எல்லார்க்கும் பொதுவானவன் என்பதால்தானோ, பழனியில் 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப் காரும் இயங்குகின்றன. அவற்றில் செல்வது பக்திக் குறைவு என்று எண்ணிப் படியேறி, பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். நேர்ச்சை உள்ளவர்கள் முதல் சில படிகளைத் தொட்டு வணங்கிவிட்டு ரோப் காரில் செல்லலாம் என்றே சொல்கிறோம்.

ஏற்றத்தில் எல்லாவற்றிலும் கடினமானது சதுரகிரி. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கம் சந்நிதி வரை கல்லும் ஓடையும் நிறைந்த பாதை. வாகனம் செல்ல வழி இல்லை. வழியில் நெஞ்சுவலி வந்தால் மனிதர்கள்தாம் சுமந்து இறக்கவேண்டும். 2015 மே மாதம் ஓடையில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததையும் மறந்துவிடலாகாது. இதய நோயாளி ஒருவர் மருத்துவரிடம் கேட்காமல் செல்லக்கூடாத மலை ஒன்றைச் சொல்லச் சொன்னால் சதுரகிரியையே சொல்வோம்.

உங்கள் உடல் எவ்வளவு ஏற்றம் தாங்கும் என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். இடையில் நிற்காமல் இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். மேலே சென்றதும் நெஞ்சில் இறுக்கமின்றி, ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவாங்காமல் பேச முடிந்தால் மிதமான நடையை உங்கள் இதயம் தாங்கும் என்று கொள்ளலாம். முடியாவிட்டால் ஏற்றமில்லாப் பயணமே உங்களுக்கு உரியது. சமீபத்தில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் இச்சோதனையையும் எங்களிடம் கேட்காமல் செய்யவேண்டாம்.

மதுரைக்காரரின் மலைகள்

மலைக்குப் போவது நோயாளிக்கு நல்லது என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதன்று. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலாலும் காலராவாலும் தங்கள் குடும்பத்தாரை அடுத்தடுத்து இழந்தனர். உடல் தேற ஓர் இடம் தேடி முதலில் சிறுமலையில் தங்குமிடம் அமைத்தனர். அங்கும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. பின்னர் பழனி மலைத்தொடரின் மேலே சென்று, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். இன்றைய கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் அதுவே. கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பினர். கொசுவின் உடலில் அக்கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897-இல்தான். சிறுமலையின் உயரத்தில் கொசு வாழ்ந்தது. கொடைக்கானலின் குளிரில் அதனால் பெருக முடியவில்லை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு குணம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்கள் பெருகி மலைப்பாதையில் மணிக்கணக்கில் நிற்கும் நிலை வந்ததால், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. கொண்டை ஊசி வளைவில் இரண்டு மணிநேரம் நகராமல் நிற்கும் காரில் நெஞ்சுவலியோடு ஒருவர் அமர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். கொடைக்கானல் செல்வோர் வார நாளில், விடியற்காலையில் புறப்படுவதே நல்லது. அங்கும் அமைதியான இடங்கள் உண்டு. 1936-இல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயில் அவற்றுள் ஒன்று. பனி விலகிய நேரத்தில் அங்கிருந்து கீழே பழனி தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும்.

ஆனால் அமைதியை நாடும் நோயாளிகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை சிறுமலைதான். விளாங்குடியிலிருந்து பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி வழியே திண்டுக்கல் சாலையில் செல்லும்போது வலப்புறம் நெடுந்தூரம் உடன்வருவது அம்மலையே. திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மேட்டுநிலம். காப்பித் தோட்டங்கள், மிளகுக் கொடிகள், புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழை, விளைபொருளைச் சுமந்து வரும் குதிரைகள் ஆகியவை அங்கு உண்டு. பெரிய விடுதிகளும் பேரிரைச்சலும் அங்கு இல்லை. மதுரையைவிட ஆறு, ஏழு பாகை குளிர்ச்சி உண்டு. உச்சியிலுள்ள வெள்ளிமலை சிவன் கோயிலுக்குக் கால்நடையாகத்தான் ஏறவேண்டும். இரண்டு மாடிச் சோதனையில் தேறாதவர்கள் அடிவாரத்தில் அமர்ந்து, ஏறிச் செல்லும் பிள்ளைகளிடம் திருநீறு கொண்டுவரச் சொல்லலாம்.

அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டே சிறுமலை என்பது மக்கள் வழக்கு. மலையின் மூலிகை வளத்தின்மேல் மக்களுக்கு இருக்கும் மதிப்பை அது காட்டுகிறது. அம்மதிப்பை நாங்களும் பகிர்கிறோம். ஆயினும் ஒரு வேண்டுகோள்: வழியில் விற்கும் பெயர் தெரியாத வேரையும் பொடியையும் வாங்கி உண்ணாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்போருக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்க்கும் அவை பெருந்தீங்கு செய்யலாம்.

அரைநாள் மட்டும் செல்லக்கூடியவர்க்கு அழகர்மலை இருக்கிறது. மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவே தொலைவு. அடிவாரத்தில் அழகர் கோயில். காட்டினூடே வாகனத்தில் மேலே சென்றால் ஆறுபடை வீடுகளில் ஒன்றாகிய பழமுதிர்சோலை. அதற்கும் மேலே நூபுர கங்கை. சக்கர நாற்காலியில் வருபவர்கூட மரநிழலில் அமர்ந்து பறவை ஒலி கேட்டுத் திரும்பலாம். இன்னும் வலுவுள்ளவர்க்குச் சின்னமனூருக்கு மேலே மேகமலை உண்டு. தேயிலைச் சரிவும் சோலைக் காடும் சூழ்ந்த அப்பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அழகில் அது சிறந்தது. ஆனால் அவசரம் நேர்ந்தால் பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கித் தேனி வரை வரவேண்டும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

யார் இப்போது செல்லக்கூடாது

சிலரிடம் நாங்கள் இன்றும் வேண்டாம் என்றே சொல்கிறோம். ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டு மருத்துவர் இன்னும் நாள் குறிக்காதவர்கள். சில நாள்களாகக் கால்வீக்கமும் எடையும் கூடிவருபவர்கள். வீட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படுபவர்கள். ஆஸ்துமா கட்டுக்குள் வராதவர்கள். கடும் இரத்தசோகை உள்ளவர்கள். இவர்களிலும் பலர்க்கு இது நிரந்தரத் தடை அன்று. நோய் கட்டுக்குள் வந்தபின் மீண்டும் கேளுங்கள்.

புறப்படுவதற்கு முன்

மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைக் கைப்பையிலும் மறுபங்கைப் பெட்டியிலும் வையுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால் அதுவும், இன்ஹேலரும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி இசிஜியையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் காரின் முன்பலகையில் வெயில் படும்படி வைக்காதீர்கள். பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்காதீர்கள்.

வழியில் கழிப்பறை கிடைக்காது என்று எண்ணி நீர் பிரியும் மாத்திரையை விடுவோரும், தண்ணீரே குடிக்காமல் வருவோரும் பலர், குறிப்பாகப் பெண்கள். பயணம் முடிந்த மறுநாளே மூச்சுத்திணறலோடு அவர்கள் எங்களிடம் வருகிறார்கள். மாத்திரையை விடவேண்டாம். அதை உண்ணும் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், வழி சொல்வோம்.

சர்க்கரை நோயாளிகள் விரதமிருந்து மலையேறுவது ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, உண்ணாமல் நடந்தால் சர்க்கரை சட்டெனத் தாழும். குளிரில் வியர்வையும் நடுக்கமும் அதன் அறிகுறி என்று தோன்றாமல் போகலாம். குளுக்கோஸோ மிட்டாயோ கையில் இருக்கட்டும். வளைவுகளில் வாந்தி வருபவர்கள் முன்னிருக்கையில் அமர்ந்து, தொலைவில் பார்வையைச் செலுத்தி, எளிய உணவு உண்டு செல்லவேண்டும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகள் முதியோரை மயங்கச் செய்யும். ஆதலால் கேட்டபின் உண்ணுங்கள். குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும், மூச்சுக்குழாய்களையும் இறுக்கும். காதும் மூக்கும் மூடிய கம்பளியின்றி அதிகாலையில் வெளியே நடக்கவேண்டாம்.

காட்டில் நாம் விருந்தினர்

சிறுமலையிலும் கொடைக்கானலிலும் காட்டெருமைகள் உண்டு. கொடைக்கானலில் நகரத் தெருக்களுக்கே அவை வரும். அமைதியாகத் தோன்றும் அவ்விலங்கின் அருகே சென்று படமெடுக்க முயன்றவர்கள் விலா எலும்பு நொறுங்கித் திரும்பியிருக்கிறார்கள். வாகனத்தைவிட்டு இறங்காமல் பாருங்கள். அழகர்மலைக் குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். அவை கடித்தாலோ பிறாண்டினாலோ அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்கு வாருங்கள். பாம்பு கடித்தால் கீறவும் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். வனத்துறையின் அனுமதி இல்லாத பாதையில், அதிலும் கோடையில், காட்டுக்குள் செல்லவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தவர்கள் நலமான இளைஞர்களே.

திரும்பி வந்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மலைக்குச் சென்றதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். புதரில் வாழும் மிகச்சிறிய உண்ணி கடித்து வரும் காய்ச்சல் நம் பகுதியில் உண்டு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். காலத்தோடு கண்டறிந்தால் எளிய, விலை குறைந்த மாத்திரையால் அது குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 1840-களில் சிறுமலையில் காய்ச்சல் கண்டவர்க்கு இல்லாத வாய்ப்பு இன்று நமக்கு இருக்கிறது.

அமர்ந்து கேளுங்கள்

அப்பெரியவருக்குப் பின் எங்கள் வழக்கம் மாறியது. மலை என்று யாரேனும் சொன்னால், எந்த மலை, எத்தனை நாள், வண்டியிலா நடையிலா, உடன்வருபவர் யார் என்று கேட்கிறோம். கடந்த ஆண்டு ஸ்டென்ட் வைத்து ஆறு மாதமான ஓர் அம்மையார் கேட்டார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரையும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தோம். மருந்துகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தோம். வெள்ளிமலை ஏற வேண்டாம் என்றும் சொன்னோம். பிள்ளைகளும் பேரர்களும் ஏறிச் சென்ற இரண்டு மணிநேரம் அவர் கீழே காப்பிச் செடிகளின் அருகே நாற்காலியில் அமர்ந்திருந்தாராம். "நாற்பது வருஷத்துல அவ்வளவு நேரம் நான் சும்மா உட்கார்ந்ததே இல்லை டாக்டர்" என்றார். எங்களுக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். தமக்கு எத்தனை அனுமதி என்று கேட்டார். நாளுக்கு ஒன்று என்றோம். பழம் சிறியதுதானே, இரண்டாகக் கொள்ளலாமே என்று பேரம் பேசினார், நாங்கள் இணங்கவில்லை.

எங்கள் மருத்துவமனையின் மாடியில் நின்றால் மேற்கே நாகமலை நீண்டு கிடப்பதைக் காணலாம். வானம் தெளிந்த காலையில் வடக்கே சிறுமலை நீலமாகத் தெரியும். அத்திசையைப் பார்க்கும்போது அப்பெரியவரை நினைத்துக்கொள்கிறோம். நோய் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வது பல. நோய் எடுக்காததை அவசரத்தில் நாங்கள் எடுத்துவிடக்கூடாது.

ஆகவே, மலைக்குச் செல்ல விரும்பும் அன்பர்களே, அக்கேள்வியை வாசலில் நின்று கேட்க வேண்டாம். மருந்துச் சீட்டை எழுதுவதற்கு முன்பே, அமர்ந்திருக்கும்போதே கேளுங்கள். சிலருக்கு வேண்டாம் என்போம். சிலருக்கு இந்த மலை வேண்டாம், அந்த மலை போகலாம் என்போம். எந்த விடையானாலும், நீங்கள் கேட்ட கேள்விக்கே அது விடையாக இருக்கும்.